சம்பளம் கொடுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள்!

வேலை கற்றுக்கொள்ள வேண்டுமா? பணம் கட்டு!

இது இன்று நம் ஊர் வழக்கம் ஆகிவிட்டது.

என்ஜினீயரிங் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பையன் வீட்டுக்கு வருகிறான். "அப்பா, லீவில் பயிற்சிக்குப் போக வேண்டும். 5 ஆயிரம் ரூபாய் கொடுங்கள்" என்கிறான். அப்பா கைமாற்று வாங்கிக் கொடுக்கிறார். பையன் 15 நாள் போகிறான். ஓர் அறையில் 60 பேரோடு உட்காருகிறான். கடைசி நாளில் தங்க நிற முத்திரை போட்ட சான்றிதழோடு திரும்பி வருகிறான்.

என்ன கற்றுக்கொண்டான்? அதை மட்டும் கேட்கக் கூடாது!

இதற்கு நேர் எதிரான ஏற்பாடு ஒன்று உலகத்தில் இருக்கிறது. அங்கே மாணவன் பணம் கட்ட வேண்டாம். அவனுக்குப் பணம் கொடுக்கிறார்கள். கூட இருந்து சொல்லிக் கொடுக்க ஓர் ஆளையும் கொடுக்கிறார்கள். அவன் செய்வது எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போடும் வேலை அல்ல. உலகம் எங்கும் மக்கள் பயன்படுத்தும் சாப்ட்வேரில் அது போய்ச் சேருகிறது.

அதன் பெயர், "கூகுள் சம்மர் ஆப் கோட்". கோடை காலத்தில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் வேலை என்று வைத்துக்கொள்ளலாம். 2005-ம் ஆண்டு தொடங்கியது. 100-க்கு மேற்பட்ட நாடுகளில் இருந்து 20 ஆயிரம் பேருக்கு மேல் இதில் வேலை செய்து இருக்கிறார்கள்.

அண்மை ஆண்டுகளில் அதிகம் பேரை அனுப்பிய நாடு எது? அமெரிக்கா என்று நினைப்பீர்கள். இல்லை, இந்தியா!

ஆனால், நம் தெருவில் நாலு வீட்டில் விசாரித்துப் பாருங்கள். இப்படி ஒன்று இருப்பது யாருக்காவது தெரியுமா?

அடுப்படிக்குப் பதில்

அமெரிக்காவில் கல்லூரிகளுக்குக் கோடை விடுமுறை ஏறக்குறைய 3 மாதம். மாணவர்கள் வீட்டில் சும்மா இருப்பது இல்லை. ஹோட்டல்களில் மேஜை துடைப்பார்கள். பன் ரொட்டிக்குள் வைக்கும் இறைச்சித் துண்டை அடுப்பில் புரட்டிப் போடுவார்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. உழைத்துச் சம்பாதிப்பதில் என்ன கேவலம்?

ஆனால், கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை 3 மாதம் அடுப்படியில் நின்றால், படித்த படிப்பு துருப்பிடித்துப் போகாதா? கூகுள் கம்பெனியில் இந்தக் கவலை எழுந்தது. "கோடையில் நீ சம்பாதிக்கும் பணத்தை நாங்கள் தருகிறோம். நீ புரோகிராம் எழுது" என்று மாணவர்களை அழைத்தது.

200 பேரை எடுத்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 8 ஆயிரத்துக்கு மேல் மனுக்கள் வந்து குவிந்தன! கடைசியில் 400-க்கு மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் ஆண்டில் வேலையை முடித்த ஒவ்வொருவருக்கும் 4,500 டாலர் கிடைத்தது.

கூகுள் என்ன தர்மசத்திரமா என்று கேட்கலாம். இல்லைதான். இந்த மாணவர்கள் சீர்செய்யும் சாப்ட்வேர்களைக் கூகுளும் பயன்படுத்துகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதும் அதற்குத் தெரிந்துவிடுகிறது. வியாபாரி காரணம் இல்லாமல் பணப்பையைத் திறக்க மாட்டான். ஆனாலும் இந்தக் காரியத்தில் மாணவனுக்கு நஷ்டம் இல்லை. அவன் எழுதியது கூகுளின் சொத்து ஆவதும் இல்லை. அது எல்லோருக்கும் பொது.

பொது என்றால் எப்படி?

பூட்டாத சமையல் அறை

சாப்ட்வேர் என்பது கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளை. "இதைச் செய், பிறகு அதைச் செய்" என்று ஆயிரக்கணக்கான வரிகள் இருக்கும்.

கடையில் மசாலாப் பொட்டலம் வாங்குகிறோம். எதை எவ்வளவு போட்டான், எப்படி வறுத்தான் என்று கம்பெனிக்காரன் சொல்ல மாட்டான். அது அவன் ரகசியம். பல சாப்ட்வேர்கள் இப்படித்தான். உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாது.

பக்கத்து வீட்டு அக்கா குழம்புப் பொடிக்குப் பக்குவம் சொல்கிறாள். நாம் அதை எழுதிக்கொள்கிறோம். காரம் போதவில்லை என்றால் மிளகு கூட்டுகிறோம். நாத்தனாருக்கும் சொல்கிறோம். அக்கா கோபிப்பது இல்லை. "மிளகு கூட்டினால் நன்றாக இருக்கிறதா? நானும் கூட்டுகிறேன்" என்கிறாள். திறந்த சாப்ட்வேர் என்பது இதுதான். உள்ளே இருக்கும் கட்டளைகளை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம்.

அது எங்கோ இருக்கும் சரக்கு அல்ல. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளம் "லினக்ஸ்". 1991-ம் ஆண்டில் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் எழுதத் தொடங்கியது அது. கம்ப்யூட்டரில் சினிமா பார்க்கும்போது ஆரஞ்சு நிறத்தில் கூம்பு ஒன்று தெரியுமே, ரோட்டில் பள்ளம் தோண்டினால் வைப்பார்களே, அந்தக் கூம்பு! அது "வி.எல்.சி." என்ற சாப்ட்வேர். பிரான்ஸ் நாட்டில் 1996-ல் ஒரு கல்லூரி மாணவர்கள் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா ஓடுவதும் திறந்த சாப்ட்வேரில்தான்.

இவற்றை எல்லாம் பராமரிக்க ஆள் வேண்டும். ஊர்க் கிணறு போல. எல்லோரும் தண்ணீர் இறைக்கலாம். தூர் வார யார் வருவார்? இந்தக் கோடைத் திட்டம் அதற்கு இளம் கைகளைச் சேர்க்கிறது.

காஜா எடுக்கும் பையன்

ஆண்டுத் தொடக்கத்தில் திறந்த சாப்ட்வேர் அமைப்புகள், "எங்களிடம் இன்ன வேலை இருக்கிறது" என்று பட்டியல் போடுகின்றன. மாணவர்கள் அதைப் படித்துவிட்டு, அந்த அமைப்பினரோடு பேசுகிறார்கள். பிறகு, "நான் இதை இப்படிச் செய்வேன், இத்தனை வாரத்தில் முடிப்பேன்" என்று திட்டம் எழுதி அனுப்புகிறார்கள். மார்ச், ஏப்ரலில் மனு. மே மாதத்தில் முடிவு. ஜூன் முதல் ஆகஸ்டு வரை வழக்கமாக 12 வாரம் வேலை.

முன்பு கல்லூரி மாணவர்களுக்கு மட்டும்தான் இடம். 2022-ம் ஆண்டில் அதை மாற்றினார்கள். 18 வயது நிறைந்த, இந்தத் துறைக்குப் புதியவர் யாரும் மனுப் போடலாம். பட்டம் கேட்பது இல்லை. எங்கும் பயணம் போக வேண்டாம். வீட்டில் இருந்தே வேலை.

சம்பளம் நாட்டுக்கு நாடு மாறும். 2024-ம் ஆண்டுக் கணக்குப்படி, 350 மணி நேர வேலைக்கு 3 ஆயிரம் டாலர் முதல் 6,600 டாலர் வரை. விலைவாசி குறைந்த நாடுகளுக்குக் குறைந்த தொகை. நமக்குக் கிடைப்பது 3 ஆயிரம் டாலர். சுமார் 2½ லட்சம் ரூபாய் ஆகிறது. பாதி வழியில் ஒரு சோதனை உண்டு. அதில் தேறாவிட்டால், பணமும் இல்லை, வேலையும் இல்லை.

பணம் பெரிதுதான். ஆனால், நாம் பெரிதாக நினைப்பது அந்த வழிகாட்டியை!

தையல் கடையில் வேலைக்குச் சேரும் பையனிடம் முதல் நாளே கத்தரிக்கோலைக் கொடுப்பார்களா? காஜா எடுக்கச் சொல்வார்கள். பட்டன் தைக்கச் சொல்வார்கள். தப்பாகத் தைத்தால் மாஸ்டர் பிரித்துப் போட்டு, "மறுபடி தை" என்பார். பத்து முறை பிரித்த பிறகுதான் கை படியும்.

இங்கேயும் அதேதான். மாணவன் எழுதியதை வழிகாட்டி வரிவரியாகப் படிக்கிறார். "இது ஏன்? இதைச் சுருக்கமாக எழுத முடியாதா? சோதித்துப் பார்த்தாயா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார். மாணவன் திருத்துகிறான். மறுபடி திரும்பி வருகிறது. மறுபடி திருத்துகிறான். கல்லூரிப் பரீட்சையில் 100-க்கு 95 வாங்கியவனுக்கு இது முதலில் அவமானமாகத் தோன்றும். மூன்றாவது வாரத்தில் புத்தி தெளியும்.

அந்த வழிகாட்டிக்கு இது முழுநேர வேலை அல்ல. பகலில் வேறு எங்கோ வேலை பார்ப்பவர். மாலையில் தன் நேரத்தைக் கொடுக்கிறார். நம் கல்லூரிகளில் ஒரு மாணவன் எழுதிய புரோகிராமை இப்படி வரிவரியாகப் படிக்க ஓர் ஆசிரியருக்கு நேரம் உண்டா? அவரைச் சொல்லிக் குற்றம் இல்லை. ஒரு வகுப்பில் 60 பேர்!

ஒரு கோடையில் போட்ட விதை

பிள்ளைகள் செய்யும் வேலையில் என்ன விளையும் என்று இளக்காரம் வேண்டாம்.

2007-ம் ஆண்டில் டேவிட் குர்னபோ என்பவர் இந்தத் திட்டத்தில் ஒரு வேலையைத் தொடங்கினார். கம்ப்யூட்டர் பழைய கணக்குகளைப் பார்த்துப் புதிய முடிவு சொல்வதற்கான கருவிப் பெட்டி அது. பெயர் "சைகிட்-லேர்ன்". பிறகு பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அதைக் கையில் எடுத்து, 2010-ல் வெளியிட்டார்கள். இன்று செயற்கை நுண்ணறிவு படிக்கும் மாணவன் முதலில் தொடும் கருவிகளில் அதுவும் ஒன்று. நம் ஊர்க் கல்லூரிகளிலும் அதை வைத்துத்தான் பாடம் நடக்கிறது. ஒரு கோடை விடுமுறையில் போட்ட விதை!

கணக்குப் போடும் "சிம்பை" என்ற சாப்ட்வேருக்கு 2009-ல் மாணவராக வந்தவர் ஆரன் மியூரர். இரண்டே ஆண்டுகளில், 2011-ல், அந்தச் சாப்ட்வேருக்கே தலைமை ஏற்றார். காஜா எடுக்க வந்த பையன் கடைக்கே மாஸ்டர் ஆன கதை.

சினிமாப் பிரியர்களுக்கும் ஒரு செய்தி. 2025-ல் சிறந்த கார்ட்டூன் படத்துக்கான ஆஸ்கார் பரிசு லாத்வியா நாட்டின் "புளோ" படத்துக்குக் கிடைத்தது. ஒரு பூனையின் கதை. வசனமே கிடையாது. அந்தப் படம் "பிளெண்டர்" என்ற திறந்த சாப்ட்வேரில் தயாரானது. யாரும் காசு இல்லாமல் எடுத்துப் பயன்படுத்தலாம். பிளெண்டருக்கு 2005-ம் ஆண்டில் இருந்தே கோடை மாணவர்கள் உழைத்து இருக்கிறார்கள்.

கடல் கடந்தால் மொறட்டுவை

ஒரு விஷயம் நம்மை வெட்கப்பட வைக்க வேண்டும்.

இந்தத் திட்டத்தின் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் எது? அமெரிக்காவில் இல்லை. ஐரோப்பாவில் இல்லை. நமக்குப் பக்கத்தில், இலங்கையில் இருக்கிறது. கொழும்புக்குத் தெற்கே உள்ள மொறட்டுவை பல்கலைக்கழகம்!

அதில் தொடக்க ஆண்டுகள் அங்கே போரும் குண்டுவெடிப்பும் நடந்துகொண்டிருந்த காலம். பெரிய நாடு அல்ல. பெரிய கம்பெனிகளும் அல்ல. பிறகு எப்படி முடிந்தது?

மூத்த மாணவர்கள் இளையவர்களுக்கு வழி சொன்னார்கள். மாணவனாகப் போனவர்கள் வழிகாட்டிகளாகவும் ஆனார்கள். ரகசியம் அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதியை நாம் மறக்க முடியுமா? நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் கடல் ஊருக்குள் வந்த நாள். இலங்கையில் 30 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். யார் காணாமல் போனார்கள், எந்த முகாமில் எத்தனை பேர், எங்கே அரிசி தேவை, எங்கே மருந்து தேவை என்று கணக்கு வைக்க வழி இல்லாமல் தவித்தார்கள். அந்த நாட்டுக் கம்ப்யூட்டர் இளைஞர்கள் கூடினார்கள். சில நாட்களிலேயே ஒரு சாப்ட்வேரை எழுதி ஓட விட்டார்கள். "சஹானா" என்று பெயர் வைத்தார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்.

அதைப் பூட்டி வைக்கவில்லை. திறந்து விட்டார்கள். 2005-ல் பாகிஸ்தான் பூகம்பத்துக்கு அது உதவியது. 2006-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் மண் சரிந்து ஊர் புதைந்தபோது உதவியது. 2010-ல் ஹைட்டி நாட்டுப் பூகம்பத்துக்கும் உதவியது. இந்தக் கோடைத் திட்டத்தில் பல ஆண்டுகள் சஹானாவும் மாணவர்களை ஏற்றுப் பயிற்சி கொடுத்தது.

அதே அலை நம் கரையிலும் அடித்தது. நம்மிடம் என்ஜினீயரிங் கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. இங்கிருந்து ஏன் ஒரு சஹானா வரவில்லை? கேட்க வேண்டிய கேள்விதான்.

பனியனுக்கு அலைந்த கூட்டம்

இப்போது நம் நாட்டு மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால், வருகிறவர்கள் எல்லோரும் வேலை செய்ய வருகிறார்களா?

2020-ம் ஆண்டு அக்டோபரில் நடந்ததைக் கேளுங்கள். அது வேறு ஒரு கம்பெனி நடத்தும் விழா. திறந்த சாப்ட்வேருக்கு நாலு திருத்தம் அனுப்பினால் ஒரு பனியன் இனாம். நம் நாட்டு யூட்யூப் வீடியோ ஒன்று அதற்குக் குறுக்கு வழி காட்டியது. அவ்வளவுதான்! "அருமையான திட்டம்" என்பது போன்ற இரண்டு வார்த்தைகளைச் சேர்த்துவிட்டு, "இதோ என் திருத்தம்" என்று அனுப்பியவர்கள் ஏராளம். உலகம் எங்கும் இருக்கும் தொண்டர்கள் வேலையைப் போட்டுவிட்டு, குப்பை அள்ளினார்கள். விழா நடத்தியவர்கள் தொடங்கிய சில நாட்களிலேயே விதியையே மாற்ற வேண்டியது ஆயிற்று.

ஒரு பனியனுக்கு நாட்டின் பெயரை அடகு வைக்கலாமா?

இப்போது புதிய வியாதி வந்து இருக்கிறது. கோடைத் திட்டத்துக்கு மாணவன் எழுத வேண்டிய திட்டத்தை ஏ.ஐ. எழுதிக் கொடுக்கிறது. 2025-ல் 15 ஆயிரம் பேருக்கு மேல் மனுப் போட்டார்கள். சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் 1,300 பேருக்கும் குறைவு. வழிகாட்டிகள் குவியலுக்குள் தேடி உண்மையான மாணவனைக் கண்டுபிடிக்க வேண்டி இருக்கிறது. இரவல் திட்டத்தை அனுப்பியவன் தப்பித்தவறி உள்ளே போய்விட்டாலும், இரண்டாவது வாரத்தில் விழிப்பான். "இதை ஏன் இப்படிச் செய்தாய்?" என்று வழிகாட்டி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது அவன்தானே?

இதில் நஷ்டப்படுவது யார்? சிற்றூரில் இருந்து முதல் முறை மனுப் போடும் உண்மையான பிள்ளை! "மறுபடி ஒரு குப்பை" என்று அவன் மனுவையும் தள்ளிவிட்டால் அவன் எங்கே போவான்?

காசு கேட்டால் கதவைச் சாத்துங்கள்

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. இதை அழுத்தியே சொல்கிறோம்.

இந்தத் திட்டத்தில் சேரக் கட்டணம் கிடையாது. மனுவுக்கும் கட்டணம் கிடையாது. "நான் இடம் வாங்கித் தருகிறேன்; 20 ஆயிரம் கொடு" என்று எவனாவது வந்தால், அவன் ஏமாற்றுக்காரன். பேச்சே வேண்டாம். கூகுள் பெயரை அவன் சட்டையில் அச்சடித்து இருந்தாலும் சரிதான்!

கற்றுக்கொள்ளக்கூடப் பணம் தேவை இல்லை. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் சென்னையிலும் லினக்ஸ் ஆர்வலர்கள் குழுக்கள் வைத்து இருக்கிறார்கள். இலவசமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தமிழிலேயே பேசலாம். அங்கே போய் உட்கார்ந்தால் மூன்று மாதத்தில் பையனுக்கு வழி பிடிபடும்.

இங்கிலீஷ் வேண்டும், உண்மைதான். வழிகாட்டியோடு எழுத்தில் பேச வேண்டும். ஆனால் கான்வென்ட் இங்கிலீஷ் தேவை இல்லை. "நான் இதைச் செய்தேன். இந்தப் பிழை வந்தது. இதை முயன்று பார்த்தேன்." இப்படிச் சின்னச் சின்ன வாக்கியம் போதும். ஜப்பான்காரரும் பிரேசில்காரரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்கக் கோடை வேறு. நம் கோடை வேறு. நமக்கு ஏப்ரல், மே மாதங்களில் வெயிலோடு பரீட்சையும் வருகிறது. அங்கே வேலை சூடு பிடிக்கும்போது நம் கல்லூரி மணி அடித்துவிடுகிறது. மாணவன் பகலில் வகுப்பு, இரவில் புரோகிராம் என்று இரண்டு மாடு பூட்டி ஓட்ட வேண்டி இருக்கிறது. வருகைக் கணக்கு குறைந்தால் அபராதம் வேறு!

பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப் இருக்கும் கல்லூரிகள் இந்த வேலையையே இன்டர்ன்ஷிப்பாக ஏற்றுக்கொண்டால் என்ன? 15 நாள் பயிற்சி என்று காசுக்கு விற்கும் காகிதத்தை ஏற்றுக்கொள்ளும் கல்லூரி, மூன்று மாதம் வழிகாட்டியிடம் அடிபட்டுக் கற்ற வேலையை ஏற்காது என்றால், அது என்ன நியாயம்? தேறிய மாணவர்களைக் கொண்டு சனிக்கிழமை தோறும் இளையவர்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்க வைக்கலாம். மொறட்டுவையில் நடந்தது அதுதானே!

இரவு ஒன்பதரை மணிக்கு

2006-ம் ஆண்டில் "க்னோம்" என்ற திறந்த சாப்ட்வேர் அமைப்புக்குக் கோடைத் திட்டத்தில் 181 மனுக்கள் வந்தன. அவற்றில் பெண்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை!

அமைப்பினர் திகைத்துப் போனார்கள். பெண்களுக்கு என்றே தனியாக ஒரு கோடைத் திட்டம் அறிவித்தார்கள். 100 மனுக்களுக்கு மேல் வந்தன! பெண்களுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை. "உனக்கும் இடம் உண்டு, வா" என்று யாரும் கூப்பிடவில்லை. அந்த முயற்சி வளர்ந்து, இன்று "அவுட்ரீச்சி" என்ற பெயரில் நடக்கிறது. அதிலும் சம்பளம் உண்டு. வழிகாட்டி உண்டு. கட்டணம் இல்லை.

நம் வீட்டுக்கு வருவோம். மகள் இந்த வேலையில் சேர்ந்து இருக்கிறாள். வழிகாட்டி ஜெர்மனியில் இருக்கிறார். அங்கே மாலை 6 மணிக்கு அவர் வேலை முடிந்து உட்காருகிறார். இங்கே இரவு ஒன்பதரை. மகள் கம்ப்யூட்டர் முன் இருக்கிறாள். "இந்த நேரத்தில் யாரோடு என்ன பேச்சு?" என்று அம்மா கேட்கிறாள். பாட்டி முணுமுணுக்கிறாள். மூன்றாம் நாள் அப்பா, "போதும், எடுத்து வை" என்கிறார். பாதி வேலையில் நின்று போகிறது. மகன் என்றால் இந்தக் கேள்வி வராது!

அம்மா கேட்பது தப்பு என்று சொல்ல மாட்டோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். திறந்த சாப்ட்வேர் வேலையில் பெரும்பாலான பேச்சு எல்லோரும் படிக்கும் இடத்தில் நடக்கிறது. அவள் எழுதிய வரி, வழிகாட்டி கேட்ட கேள்வி, அவள் சொன்ன பதில், எல்லாம் அங்கே இருக்கும். இங்கிலீஷ் தெரியாவிட்டால் அவளையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அம்மாவுக்குப் புரியும்படி சொல்லத் தெரிந்தவள் வழிகாட்டிக்கும் நன்றாகச் சொல்வாள்.

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர் இருந்தால், அந்த 12 வாரம் அது அவளுக்கு. தம்பியின் விளையாட்டு அப்புறம். கம்ப்யூட்டரே இல்லை என்றால், கல்லூரி ஆய்வுக்கூடத்தை மாலையில் இரண்டு மணி நேரம் திறந்து வைக்கும்படி முதல்வரிடம் அப்பாவும் போய்க் கேட்கலாம். மார்ச்சில் மனு எழுத வேண்டும். அதற்கு முன் ஏதாவது ஓர் அமைப்பில் இரண்டு, மூன்று சின்னப் பிழைகளையாவது திருத்திப் பழக வேண்டும். அதற்கு நவம்பர், டிசம்பரிலேயே உட்கார்ந்தாக வேண்டும்.